முதல் எழுத்து என்ன?

நீங்கள் செஞ்சிப் பக்கத்து வல்லத்தில் இருந்தாலும் சரி, விழுப்புரத்திலோ சென்னையிலோ குடியிருந்தாலும் சரி, பொங்கலுக்குப் பரணை ஒழிக்கும்போது ஒரு பெட்டியில் கறுப்பாய், சதுரமாய்ச் சில தகடுகள் அகப்படலாம். "இதென்ன குப்பை!" என்று பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள், அம்மா! அதற்குப் பெயர் பிளாப்பி. 1980-களிலும் 90-களிலும் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த கணக்கும், பிள்ளை கம்ப்யூட்டர் வகுப்பில் தட்டிய முதல் பாடமும், பெரியப்பா பொறுமையாய்த் தயாரித்த வம்சாவளியும் அதில் இருக்கக்கூடும்.

"அதெல்லாம் அப்போதே அழித்தாயிற்றே!" என்கிறீர்களா? அங்கேதான் வேடிக்கை.

ஐந்தேகால் அங்குலத் தகட்டில் 360 கிலோபைட், மூன்றரை அங்குலத் தகட்டில் 1.44 மெகாபைட் பிடிக்கும். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அது போதாது! அந்தச் சின்ன இடத்திலும் ஒரு மூலையில் ஜாபிதா உண்டு. எந்தக் கோப்பு எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு நீளம் என்ற விவரம் அதில் இருக்கும். டாஸ் யந்திரத்திடம் "இந்தக் கோப்பை அழி" என்றால், அது என்ன செய்யும் தெரியுமா? ஜாபிதாவில் பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி ஓர் அடையாளம் போடும். "இந்த இடம் காலி" என்று குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான்! சரக்கு அப்படியே இருக்கும். சமையலறை டப்பாவின் சீட்டைக் கிழித்துவிட்டு, உள்ளே பருப்பைத் தொடாமல் வைத்த மாதிரி.

இந்த ரகசியத்தைப் பயன்படுத்திக்கொண்டவர் அமெரிக்கரான பீட்டர் நார்ட்டன். கை தவறி ஒரு கோப்பை அழித்துவிட்டு, அதை மீட்பதற்காக அவர் எழுதிய சிறு நிரல்தான் 'அன்இரேஸ்'. 1982-ல் அது 'நார்ட்டன் யுடிலிடீஸ்' தொகுப்பில் வெளிவந்தது. கைகட்டி நிற்கும் அவர் படம் போட்ட பெட்டிகள் உலகமெங்கும் விற்றன.

அந்த நிரல் முதலில் உங்களை ஒரு கேள்வி கேட்கும்: "முதல் எழுத்து என்ன?" பெயரை ஆங்கிலத்தில்தான் வைக்க முடியும், புரிவதற்காகத் தமிழில் சொல்கிறேன். 'ரசம்' என்று இருந்த கோப்பு '?சம்' என்று நிற்கும். நீங்கள் 'ர' என்றால் ரசம் திரும்பிவிடும். ஞாபகமில்லாமல் 'வ' என்றாலும் பாதகமில்லை. பெயர்தான் 'வசம்' ஆகுமே தவிர, உள்ளே இருப்பது அதே ரசம்தான்! இந்த வசதியை 1991-ல் டாஸ் 5-லேயே சேர்த்துவிட்டார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. அழித்த பிறகு அதே தகட்டில் புதிதாய் எதையாவது எழுதியிருந்தால், பழைய சரக்கின் மேல் புதுச் சரக்கு விழுந்திருக்கலாம். கோப்பு துண்டு துண்டாய்ச் சிதறியிருந்தாலும் பாதிதான் தேறும்.

ஆகவே தகட்டை யந்திரத்தில் போடுமுன் பூட்டிவிடுங்கள். இதில் ஒரு விபரீதம்! ஐந்தேகால் அங்குலத் தகட்டின் ஓரத்திலுள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால் பூட்டு. மூன்றரை அங்குலத்திலோ மூலை ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் பூட்டு. வெளிச்சம் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி வைத்திருந்தால் அவர்களுக்கு என்ன குறைந்துபோயிற்றோ!

மூன்றரை அங்குலத் தகட்டுக்கு யு.எஸ்.பி.யில் சொருகும் டிரைவ் உண்டு. ஐந்தேகாலுக்குப் பழைய யந்திரம் வைத்திருப்பவரைத்தான் தேட வேண்டும். தகட்டின் மேல் வெள்ளையாய்ப் பூசணம் தெரிந்தால் போடவே வேண்டாம்; டிரைவும் கெடும். "இந்தத் தகட்டை பார்மட் செய்யட்டுமா?" என்று திரை கேட்டால், தயவுசெய்து "வேண்டாம்" என்றே சொல்லுங்கள். முதல் வேலை முழுத் தகட்டையும் அப்படியே நகல் எடுப்பது. மீட்பு முயற்சியெல்லாம் நகலின் மேல்தான்.

சோனி கம்பெனி 2011 மார்ச்சில் ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. இருக்கிற தகடுகளுக்கும் வயதாகிறது. தள்ளிப் போடுவதற்கில்லை.

தமிழில் தட்டிய கடிதமாயிருந்தால் இன்னொரு முடிச்சு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் உருவாக்கிய 'முரசு' போன்ற செயலிகள் வந்த காலத்தில் யூனிகோட் கிடையாது. ஆளுக்கொரு எழுத்து முறை. கோப்பு முழுசாய்க் கிடைத்தும் திரையில் கோணல்மாணலாய் ஏதோ தெரிந்தால், "போச்சு!" என்று மூடிவிடாதீர்கள். பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றும் நிரல்கள் இருக்கின்றன. எந்தச் செயலியில் தட்டினார்கள் என்று மட்டும் பெரியப்பாவைக் கேட்டு, தகட்டின் உறை மேல் இன்றே எழுதி வையுங்கள்.