ஃபைபர் மக்காது, உள்ளே இருக்கும் மரம் மக்கும்

மரப்படகைப்போல ஃபைபர் படகுக்கு ஆண்டுதோறும் பலகை மாற்ற வேண்டியதில்லை, புழு அரிக்காது, மக்காது என்ற பேச்சு கடலோரம் முழுக்க உண்டு. பாதி உண்மைதான். கண்ணாடியிழையும் பிசினும் மக்குவதில்லை. ஆனால் முழுக்க முழுக்க கண்ணாடியிழையால் மட்டுமே ஆன படகு அரிது. பின்புறம் என்ஜின் மாட்டும் பின்பலகையில் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே ஒட்டுப்பலகை இருக்கும். தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டங்கள் பல படகுகளில் மரத்தின்மேல் ஃபைபர் போர்த்தியவை. வெளிநாட்டு உல்லாசப் படகுகளின் மேல்தளத்தில் எடை குறைய பால்சா மரத்தை வைப்பார்கள். ஆகவே, பழைய ஃபைபர் படகை வாங்குகிறவர் விலை பேச வேண்டியது கண்ணுக்குத் தெரியும் ஃபைபருக்கு அல்ல, அதற்குள் இருக்கும் மரத்தின் நிலைக்கு.

மரம் எப்படிக் கெடுகிறது என்பது தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். மரத்தை மக்க வைப்பது ஒருவகைப் பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் அதனால் வளர முடியாது. அதைத் தாண்டி நீண்ட நாள் ஈரம் நின்றால் பிழைத்துக்கொள்ளும். ஈரம் உள்ளே போகும் வழி பெரும்பாலும் நாமே போட்ட துளைகள்தான். என்ஜினை முடுக்கிய போல்ட், நீர் வடியும் துளை, கொக்கி, கைப்பிடி என ஒவ்வொன்றும் ஃபைபர் தோலைத் துளைத்து மரத்தைத் தொடுகிறது. ஓரத்தில் அடைத்த பசை காலப்போக்கில் வெடித்துவிட்டால் நீர் கசியத் தொடங்கும். போன நீர் வெளியே வர வழியில்லை, மேலே மூடிய ஃபைபர் அதை உலரவும் விடாது. ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் ஒட்டுப்பலகைக்குப் பதிலாகச் சாதாரணப் பலகையை வைத்துக் கட்டியிருந்தால் ஏடு ஏடாகப் பிரிந்து இன்னும் விரைவில் கெடும்.

கடலில் ஓடுகிற படகு உப்பில் ஊறியது, உப்பு மரத்தைக் காக்குமே என்று சிலர் கேட்பார்கள். உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும் என்பது சரிதான். ஆனால் இங்கே பகை கடல்நீர் அல்ல, மழைநீர். மணலில் ஏற்றி வைத்த படகில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் தேங்கி நிற்கும்போது அந்த நன்னீர்தான் போல்ட் துளைகளைத் தேடி இறங்குகிறது. அதனால் கடலுக்கே போகாமல் சும்மா கிடந்த படகு புதுசு மாதிரி என்று விற்பவர் சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஓடிய படகைவிட மூடாமல் கிடந்த படகையே கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும்.

சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பிளாஸ்டிக் சுத்தியல் அல்லது திருப்புளியின் கைப்பிடியால் பின்பலகையை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீரென்று பேசும், மக்கிய இடம் தொப்பென்று மழுங்கிய ஒலி தரும். அடுத்து, என்ஜினை மேலே சாய்த்து அதன் கீழ்முனையைப் பிடித்து ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். 40 குதிரைத்திறன் என்ஜின் 70 கிலோவுக்கு மேல் கனக்கும். அந்த அசைவுக்குப் பின்பலகை வளைந்து கொடுத்தாலோ, மூலைகளில் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தாலோ உள்ளே பலமில்லை என்று பொருள். தளத்தின்மேல் வெறுங்காலால் நடந்தால் மெத்தென்று அமுங்கும் இடங்களும் அகப்படும். தளத்துக்கடியில் மிதவைக்காக அடைத்த தெர்மாகோல் நீரை உறிஞ்சியிருக்கலாம். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ கணக்கு, ஆகவே படகு தண்ணீரில் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றால் காரணத்தைக் கேட்க வேண்டும்.

தட்டிப் பார்ப்பது உறுதியான சான்று ஆகாது என்ற மறுப்பு நியாயமானது. ஃபைபர் தடிமனாக இருந்தாலும் பின்னால் தெர்மாகோல் இருந்தாலும் ஒலி மழுங்கும். ஈரமானியும் உப்பையும் உலோகத்தையும் கண்டு ஏமாறும். அதனால் இவற்றைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், எங்கே திறந்து பார்ப்பது என்று சொல்லும் அடையாளமாகக் கொள்ள வேண்டும். தீர்ப்பைச் சொல்வது மரமே. பின்பலகையின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒரு திருகாணியைக் கழற்றினால் போதும். பழுப்பு நீர் வழிந்தாலோ, புளித்த நாற்றம் அடித்தாலோ, திருகாணி பிடிப்பில்லாமல் சுழன்றாலோ வேறு சாட்சி தேவையில்லை. விற்பவர் இசைந்தால் உட்புறத்திலிருந்து 4 மில்லிமீட்டர் துளை ஒன்று போடலாம். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் நல்லது. கறுத்த ஈரத்தூள் வந்தால் மரம் இற்றுவிட்டது. துளையை எபாக்சியால் அடைத்துவிட்டால் படகுக்குக் கேடில்லை.

இத்தனை ஆண்டு ஓடியது, இனியும் ஓடும் என்பார்கள். மக்கிய பின்பலகை படிப்படியாக எச்சரிப்பதில்லை. கரையான் தின்ற நிலைப்படியைப்போல வெளிப்பூச்சு கடைசிவரை தாங்கி நிற்கும். புதியவர் பெரிய என்ஜினை மாட்டி அலையில் இறக்கும் நாளில்தான் விட்டுக்கொடுக்கும். 2004 சுனாமிக்குப் பின் அவசர அவசரமாகக் கட்டி வழங்கிய ஃபைபர் படகுகளில் இன்னும் கைமாறி வருபவை சுமார் 20 ஆண்டு பழையவை. அவற்றை வாங்குவோருக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். பின்பலகை கெட்டிருந்தால் வாங்கவே கூடாது என்பதில்லை. உட்தோலை அறுத்து, மரத்தை எடுத்து, புதிதாக ஒட்டிக் கட்டும் கூலியை விலையிலிருந்து கழித்துக்கொண்டு வாங்கலாம். ஆனால் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்க்கக்கூட விடமாட்டேன் என்கிறவரிடம் விலை பேசாதீர்கள்.