மூளைக் கட்டியும் வீட்டு மொழியும்

கரோல் பாக்கில், அஜ்மல் கான் சாலையின் கடைத்தெரு இரைச்சலுக்குச் சற்று அப்பால், மூன்றாம் மாடியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவரின் மத்திய அரசுப் பணி காரணமாக இளமையிலேயே தில்லிக்கு வந்தவர் அவ்வீட்டு மூதாட்டி. காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்கு இந்தி அறிவார். மற்றவை யாவும் அவருக்குத் தமிழே. சில வாரங்களாகக் காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும் அவரை வருத்துகின்றன. ஒரு நாள் வலக்கை வெட்டி இழுக்கக் காப்பித் தம்ளர் நழுவி விழுகிறது. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், மூளையில் கட்டி இருப்பதாக மகனிடம் ஆங்கிலத்தில் கூறுகிறார். "டாக்டர் என்ன சொன்னார்?" என்று தாயார் வினவுகிறார். "ஒன்றுமில்லை அம்மா, நரம்புத் தளர்ச்சிதானாம்" என்கிறார் மகன்.

அன்பினால் பிறந்த பொய்தான் இது. ஆயினும், வெளி மாநிலத்தில் வாழும் நம்மிடையே இதற்குத் தனி ஆபத்து உண்டு. தாயாருக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ள ஒரே பாலம் மகனின் நாக்கு. அது உண்மையை மறைத்துவிட்டால், தமது உடலைப் பற்றி அறிய அவருக்கு வேறு வழியே இல்லை.

முதலில் நோயின் இயல்பை அறிவோம். தலைவலி யாவும் மூளைக் கட்டியின் அறிகுறி அல்ல. மூளைக் கட்டி யாவும் புற்றுநோயும் அல்ல. மூளையைப் போர்த்தியுள்ள உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா என்னும் கட்டி பெரும்பாலும் மெல்ல வளர்வது. பலருக்கு அறுவைச் சிகிச்சையால் நீங்குவது. கிளையோபிளாஸ்டோமா என்பதோ கடுமையானது. நுரையீரல், மார்பகம் முதலிய உறுப்புகளிலிருந்து பரவி வந்து மூளையில் தங்கும் கட்டிகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் மூளையிலேயே தோன்றும் கட்டிகளை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. திசுவை எடுத்துச் சோதித்த பின்னரே வகையும் தரமும் பெரும்பாலும் உறுதியாகும். அதற்கு முன் அண்டை அயலார் கூறும் கதைகளுக்குச் செவி சாய்ப்பது வீண்.

எண்களையும் அறிந்து படிக்க வேண்டும். கிளையோபிளாஸ்டோமா நோயாளரைப் பற்றி 2005-இல் வெளிவந்த ஆய்வொன்றில், கதிர்ச் சிகிச்சையுடன் டெமொசொலமைடு மருந்தும் பெற்றவருள் பாதிப் பேர் 14.6 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். நூற்றுக்கு 26 பேர் ஈராண்டைக் கடந்தனர். இக்கணக்கு பலரைப் பற்றியது. நம் வீட்டில் இருப்பவரின் நாளை அது குறித்து வைக்கவில்லை. ஆயினும் காலம் அருமையானது என்பதை அது மறைக்கவும் இல்லை. ஆதலின், நோயாளரின் சிந்தை தெளிவாக இருக்கும்போதே அவரிடம் உண்மையைக் கூறுதல் நலம். சிகிச்சைக்கு இசைவதும், ஓய்வூதியம், வங்கிக் கணக்கு முதலியவற்றை ஒழுங்கு செய்வதும், இறுதி நாட்களை எங்கே கழிப்பது என்று கூறுவதும் அவருடைய உரிமை. மீட்க இயலாத நிலையில் எத்தகைய சிகிச்சை வேண்டாம் என முன்னரே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது.

இனி மொழியைப் பற்றிக் காண்போம். வலக்கைப் பழக்கமுள்ளவருள் பெரும்பாலோர்க்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடப்பாதி. அங்கே கட்டி இருப்பின், நோயாளரை விழித்திருக்கச் செய்தே அறுவை செய்வதுண்டு. மூளைத் திசுவுக்கு வலியுணர்வு இல்லாமையால் இது இயலுகிறது. ஹங்கேரிய எழுத்தாளர் கரிந்தி 1936-இல் ஸ்டாக்ஹோமில் இவ்வாறே விழித்திருந்து அறுவைக்கு உட்பட்டு, அந்த அனுபவத்தை நூலாகவும் எழுதினார். இந்நாளில் மருத்துவர், படங்களைக் காட்டிப் பெயர் கூறச் செய்து, மெல்லிய மின்தூண்டலால் பேச்சுக்குரிய இடங்களைக் கண்டறிந்து காக்கிறார். இரு மொழி அறிந்தவர்க்கு அவ்விடங்கள் ஓரளவு வேறுபடலாம் என ஓஜெமன், விட்டேக்கர் என்னும் இருவர் 1978-இல் எடுத்துக் காட்டினர். எனவே நம்மவர் எண்ணுவதும் வேண்டுவதும் தமிழில், அலுவலகப் பேச்சு இந்தியில் என்றால், அதை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும். அறுவைக்குப் பின் ஒரு மொழி முன்னும் மற்றொன்று பின்னும் திரும்புவதுண்டு. தமிழில் மட்டும் விடையளிப்பவரை, அம்மொழி அறியாத செவிலியர் அறிவு தடுமாறியவர் எனக் கொள்ளலாம். தண்ணீர், வலி, சிறுநீர், குளிர் முதலிய சொற்களைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிய அட்டை ஒன்றைப் படுக்கையருகே வைத்தால் பெரிதும் உதவும்.

வீட்டில் வலிப்பு வந்தால் நோயாளரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் சாவிக் கொத்தைத் திணிப்பதும் வாயில் கரண்டி இடுவதும் வேண்டாம். வலிப்பு ஐந்து நிமிடத்தைக் கடந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்துவது கேடு தரும். அது இரத்தச் சர்க்கரையையும் உயர்த்தக் கூடும்.

"ஊருக்கே போய்விடலாமா?" என்ற கேள்வி எழாத வீடு இராது. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னையில் பி. ராமமூர்த்தி 1950-இலும் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினர். தில்லி எய்ம்ஸில் அத்துறை 1965-இல் பி. என். டாண்டன் தலைமையில் தோன்றியது. கரோல் பாக்கிலிருந்து ராஜீவ் சௌக்கில் மெட்ரோ மாறினால் எய்ம்ஸ் வாயிலிலேயே இறங்கலாம். மத்திய அரசு ஊழியர்க்கும் ஓய்வூதியர்க்கும் 1954-இல் தில்லியில் தொடங்கிய அரசு சுகாதாரத் திட்டமும் உண்டு. இடத்தைத் தெரிந்தெடுக்கும்போது மற்றொன்றையும் எண்ணுங்கள். கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம் வரை நீளும். நாள்தோறும் கைப்பிடித்து அழைத்துச் செல்பவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, அவ்வூரே பெரும்பாலும் ஏற்ற ஊர். அறுவை முடிந்தபின் விமானத்தில் செல்வதாயின் மருத்துவரின் அனுமதி பெறுக. படங்கள், திசுச் சோதனை அறிக்கை, மருந்துப் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

மீண்டும் அந்த மூன்றாம் மாடிக்குச் செல்வோம். மகன் அன்றிரவே தாயாரின் அருகில் அமர்ந்து, "அம்மா, தலையில் ஒரு கட்டி இருக்கிறது. என்ன வகை என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் உன்னிடம்தான் முதலில் சொல்வேன்" என்று கூறலாம். தாயார் அழக்கூடும். அல்லது, "எனக்கு அப்போதே தெரியும்" என்றும் சொல்லக்கூடும். எப்படியாயினும், அடுத்த முறை மருத்துவர் முன் அமரும்போது கேட்க வேண்டியதை அவரே கேட்பார். மகன் அதை மொழிபெயர்த்துச் சொன்னால் போதும்.