சாரல் அடிக்கும் ஊரில் ஒரு ஹெரால்டு

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற மேல்காற்று, தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுர வாசலில் நிற்பவரைப் பின்னுக்குத் தள்ளும் வேகத்தோடு வீசுவதை அநுபவித்தவர்கள் அநேகர். அந்தக் காற்று சுமந்து வருகிற பூஞ்சாரலுக்காகத்தான் ஆண்டுதோறும் குற்றாலத்தில் ஜனங்கள் திரள்கிறார்கள். மனித சரீரத்துக்கு இவ்வளவு இதமாக இருக்கும் அந்த ஈரம் இரும்புக்குப் பரம சத்துரு என்பதை, இப்பக்கத்து ஊர்களில் ஓலைக் கொட்டகையிலோ புளியமரத்தடியிலோ பழைய கார் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பவர்கள் நன்கு அறிவார்கள். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலுக்கு வழிவிடும் மழையைக் காட்டிலும், நாள் முழுதும் பஞ்சுபோல் படிந்துகொண்டே இருக்கும் இந்தத் திவலைதான் அதிகக் கேடு விளைவிப்பது. ஏனெனில், தகரம் காய்வதற்கு அது அவகாசமே கொடுப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டாலே இரும்பில் துரு வேகம் கொள்ளும் என்பது ரசாயன சாஸ்திரிகளின் கணக்கு. சீசன் காலத்தில் குற்றாலத்துக் காற்று அந்த எல்லையைத் தாண்டியே நிற்கிறது.

இத்தகைய ஊரில், சொற்ப வருமானமுள்ள ஒருவர், தம் வீட்டு முற்றத்திலேயே, துருவேறிப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மறுபடியும் ஓடச் செய்வது சாத்தியமா? சாத்தியம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் எந்த வண்டியை எடுத்துக்கொள்வது என்பதிலும், எந்த மாதத்தில் எந்த வேலையைச் செய்வது என்பதிலும் நிதானம் வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் காரணமாக, மேல்நாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் தேசத்தில் சீமான்களின் கொட்டகைகளோடு நின்றுவிட்டன. ஆயினும் அந்தக் குலத்தைச் சேர்ந்த ஒரு வண்டி நம் தமிழ்நாட்டிலேயே உற்பத்தியாயிற்று. 1948-ல் தோன்றி, சென்னையை அடுத்த வண்டலூரில் தொழிற்சாலை நடத்திய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, 1961 முதல் 1971 வரை தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத்தான் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த இந்த வண்டிக்கு உருவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர். அதே ஹெரால்டின் சேஸிஸை ஏறத்தாழ எட்டரை அங்குலம் குறுக்கி, அதன்மேல் இருவர் மட்டும் அமரும் திறந்த உடல் ஒன்றை அவரே வரைந்து கொடுக்க, 1962-ல் வெளிவந்ததுதான் உலகப் பிரசித்தி பெற்ற டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இங்கிலாந்துக் கம்பெனியின் பண நெருக்கடியால் கைவிடப்பட்டுத் தொழிற்சாலை மூலையொன்றில் துணி போர்த்திக் கிடந்த அதன் மாதிரி வண்டியை, கம்பெனியை விலைக்கு வாங்கிய லேலண்டு நிறுவனத்தார் கண்டெடுத்து உயிர்கொடுத்தார்கள் என்பது மோட்டார் சரித்திரத்தில் சுவையான ஓர் அத்தியாயம்.

ஆக, நம்மூர் ஹெரால்டு அந்த ஸ்பிட்ஃபயருக்கு மூத்த சகோதரம். எஞ்சின் 948 சி.சி.தான், ஆனால் 1953-ல் ஸ்டாண்டர்டு எய்ட் காரோடு பிறந்து, படிப்படியாக வளர்ந்து, பிற்கால ஸ்பிட்ஃபயரில் 1493 சி.சி. வரை எட்டிய வம்சத்தைச் சேர்ந்த எஞ்சின் அது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் திரும்பிவிடும் அதன் லாகவம், தென்காசி ரத வீதி முனைகளில் வண்டி திருப்பிப் பழகியவர்களுக்குத்தான் முழுமையாக விளங்கும். இந்த உறவுமுறையில் நமக்கு ஒரு பெரிய லௌகிக லாபமும் உண்டு. ஸ்பிட்ஃபயர் மூன்று லட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியாகி, இன்றும் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் பேணப்படுவதால், இரண்டுக்கும் பொதுவான முன் சஸ்பென்ஷன் சாமான்கள் அங்கே இன்னும் புதிதாகச் செய்யப்பட்டு வருகின்றன. மற்றவற்றுக்குச் சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளும் உள்ளூர் லேத் பட்டறையும் இருக்கவே இருக்கின்றன.

வீட்டு முற்றத்து வேலைக்கு ஹெரால்டு ஏற்றது என்பதற்கு அதன் கட்டுமானமே முக்கியக் காரணம். அக்காலத்தில் மற்றக் கம்பெனிகள் உடலையும் சேஸிஸையும் ஒன்றாகவே செய்துவிடத் தொடங்கியிருந்தன. இங்கிலாந்திலிருந்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிக்கொண்டுவிடவே, வேறு வழியின்றி, தனிச் சேஸிஸின்மேல் பல இடங்களில் செய்த பாகங்களைப் போல்ட்டு போட்டு முடுக்கும் பழைய முறைக்கு அவர்கள் திரும்ப நேர்ந்தது. அன்றைய அந்தச் சங்கடமே இன்று நமக்கு அநுகூலமாகிவிட்டது. ஸ்பானர் செட்டும் உறுதியான ஸ்டாண்டுகளும் இருந்தால், உடலைத் துண்டு துண்டாகக் கழற்றித் திண்ணையில் அடுக்கிவிடலாம். பானெட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே மூடியாக முன்புறம் மடங்கிச் சாய்வதால், எஞ்சினைச் சுற்றி நின்றும், டயர்மேல் அமர்ந்தும் வேலை பார்க்க முடிகிறது.

வாங்குமுன் கையில் எடுத்துப்போக வேண்டியவை ஒரு சிறு காந்தமும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது என்று பொருள். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டிய இடங்கள், சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கிளைத்து உடலைத் தாங்கும் கைகள், கதவின் அடிவிளிம்பு, படிக்கட்டுப் பெட்டி, டிக்கியின் தரை, பேட்டரி அமர்ந்திருக்கும் தட்டு ஆகியவை. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகுவதால், ஒட்டி வைத்த இரண்டு தகடுகளின் இடுக்கில் புகுந்த துரு அவற்றை உள்ளிருந்தே நெம்பிப் பிளந்துவிடும்; வெளியே பெயிண்ட் குமிழியாகத் தெரிவது உள்ளே நடந்து முடிந்த காரியத்தின் கடைசி அறிகுறி. இந்த ஓட்டைகளைப் பட்டி வைத்து மூடச் சொல்லும் சொந்தக்காரரிடம் இப்பக்கத்து டிங்கர்கள் சொல்லும் பதில் இது: "மூடச் சொன்னா மூடிருதேன் அண்ணாச்சி. இந்த சீசன் தாங்கும். அடுத்த சீசனுக்கு நீங்களே இங்ஙன கொண்டாந்து நிப்பாட்டுவிய." செல்லரித்த பாகத்தை நல்ல தகரம் தட்டுப்படும் வரை வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தகரம் வைத்துப் பற்றவைப்பதுதான் நேர்மையான வேலை. அப்படிப் பற்றவைக்குமுன் டிக்கியினுள் இருக்கும் பெட்ரோல் டேங்கை அறவே கழற்றி அப்புறப்படுத்திவிட வேண்டும் என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சிறு பாகங்களின் துருவை நீக்க வீட்டிலேயே ஓர் உபாயம் உண்டு. பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, ஐந்து லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் வயரைத் துருப்பிடித்த பாகத்திலும், பாசிட்டிவ் வயரை ஏதேனும் பழைய இரும்புத் தகட்டிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டால், பாகத்தைச் சுற்றிச் சிறு குமிழிகள் எழும்பி, ஓர் இரவுக்குள் துரு இளகிக் கறுத்துக் கழன்று வந்துவிடும். நல்ல இரும்பு ஒரு நூலளவும் தேயாது. எழும்பும் குமிழி ஹைட்ரஜன் வாயு ஆகையால், இதைத் திறந்தவெளியில் செய்வதும், அருகில் பீடி, விளக்கு முதலியவை இல்லாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். எவர்சில்வர்த் தகட்டைப் பாசிட்டிவ்வில் மாட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் விஷமாகக் கரையும். ஸ்பிரிங் முதலிய கடின எஃகுகளையும் இதில் இடலாகாது. அவை நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். எடுத்த பாகத்தைக் கழுவித் துடைத்து அன்றைக்கே பிரைமர் பூசிவிட வேண்டும். சாரல் ஊரில் ஒரே இரவில் மறுபடியும் செம்மை படர்ந்துவிடும்.

சிக்கனத்துக்கு வருவோம். பலர் முதலில் பெயிண்டுக்கும் சீட் உறைக்கும் செலவழித்துவிட்டு, பிரேக்குக்குப் பணமில்லாமல் வண்டியைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நின்ற வண்டி மறுபடியும் துருவுக்கே இரையாகிறது. ஆதலால் முதல் பணம் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் போக வேண்டும். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டு, அடியில் மரை வெட்டப்பட்டு, டிரனியன் என்னும் பித்தளைக் கட்டையினுள் இறங்கி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. இதற்குள் விட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் அது மரையின் அடிவரை எட்டாது, நீர் தங்கும், தண்டு கண்ணுக்குத் தெரியாமல் துருவேறி, ஒருநாள் முறிந்து, சக்கரம் மடங்கிப் போகும். ஆகவே இரண்டு பக்கத்தையும் கழற்றி, மரையைத் துடைத்து, சிறிதளவு அரிப்பு தென்பட்டாலும் புதிது போடுவதே விவேகம். சிக்கனம் காட்டக் கூடாத இடம் இது.

எஞ்சின் இறுகிக் கிடந்தால் அவசரப்பட்டு ஸ்டார்ட்டரை இழுக்கலாகாது. பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எண்ணெயும் கலந்து சிலிண்டர்களில் ஊற்றி, சில நாட்கள் ஊறவிட்டு, பிறகு கையால் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்க வேண்டும். அநேக எஞ்சின்கள் இதற்கே இணங்கிவிடும். இணங்காதவற்றுக்கு ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர்க் குழாய்களை அரித்து, ஈரத்தையும் ஈர்த்து டேங்கினுள் துருவை வளர்க்குமாகையால், குழாய்களை மாற்றிவிடுவதும், வண்டியை நெடுநாள் நிறுத்தும்போது டேங்கை வடித்துவிடுவதும் உசிதம். அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதையும் எலெக்ட்ரீஷியனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட, தென்காசிக்காரர் பஞ்சாங்கம் பார்த்து வேலை செய்ய வேண்டும். சாரல் மாதங்களில் என்.சி. பெயிண்ட் அடித்தால், தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனித்து, பளபளக்க வேண்டிய மேற்பரப்பு பால் தெளித்தாற்போல் வெளுத்துவிடும். ஆகையால் ஆனி முதல் ஆவணி வரையிலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், கூரைக்கடியில் எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக் வேலைகளை வைத்துக்கொண்டு, மாசி முதல் சித்திரை வரையிலான வெயிலுக்குத் தகரத்தையும் பெயிண்டையும் ஒதுக்கிக்கொள்வதே முறை. பழைய பெயிண்டில் ஈயமும், பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடுமாதலால், உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். பிரேக் தூசியை ஊதிவிடவே கூடாது. வேலை முடிந்த வண்டி ஆரியங்காவு மலைப்பாதைக்குப் போகுமானால், ஹெரால்டின் பின் சக்கரங்கள் கொண்டை ஊசி வளைவில் வேகத்தை ஒரு நொடியில் குறைத்தால் உள்ளுக்கு மடங்கும் சுபாவமுடையவை என்பதை நினைவில் வைத்து, வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்துக்கொள்வது ஓட்டுகிறவர் கடமை.

சட்டமும் இப்போது இவ்வண்டிகளுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் கணிசமான மாறுதல் செய்யப்படாத வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகள் செல்லும், அன்றாட உபயோகத்துக்கும் வாடகைக்கும் ஓட்டலாகாது. 1971-ல் உற்பத்தி நின்றுபோன ஹெரால்டுகள் யாவும் இப்போது அந்த வயதை அடைந்துவிட்டன. மாருதி எஞ்சினைத் தூக்கி வைக்கும் சுலப வழியை நாடுகிறவர்கள் இந்தச் சலுகையை இழந்துவிடுவார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பாட்டனார் வாங்கிய ஹெரால்டு ஒன்று உங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடக்குமானால், பழைய இரும்புக் கடைக்காரர் கண்ணுக்கு அது ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள சரக்கு, அவ்வளவே. அவரிடம் விலை பேசுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். சேஸிஸை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பீரோவிலுள்ள பழைய காகிதக் கட்டை அவிழ்த்து ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். சேஸிஸ் உறுதியாக இருந்து, புத்தகமும் அகப்பட்டால், அந்த வண்டியை விற்றுவிடாதீர்கள்.