பிரேக் கிடையாது... மூணு முறை வீடு மாறியாச்சு! மான்செஸ்டரின் 'பெல் வியூ ஏசஸ்' பைக் ரேஸ் டீம் இன்னும் ஓடுவது எப்படி?

மான்செஸ்டர்னு சொன்னதும் நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஃபுட்பால்தான். யுனைடெட், சிட்டி என்று ரெண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவதற்கு இங்கேயும் ஆள் இருக்கிறது. ஆனால் அதே நகரத்தின் கிழக்குப் பக்கம், கார்ட்டன் பகுதியில், கிட்டத்தட்ட நூறு வருஷமாக வேறொரு டீம் இருக்கிறது. பந்து கிடையாது. பைக் மட்டும்தான். பெயர் 'பெல் வியூ ஏசஸ்'. சின்னம், சீட்டுக்கட்டில் வரும் கிளாவர் ஏஸ்.

உலகச் சாம்பியன்களை உருவாக்கிய டீம் இது. இரண்டாம் உலகப்போரின்போதுகூட ரேஸை நிறுத்தாத இடம். ஆனாலும் 1987-ல் ஒரே சீசனில் சொந்த வீட்டை இழந்து நின்றது. அந்த ஊர் மக்கள் இந்த டீமை எப்படித் தாங்கிப் பிடித்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள, முதலில் அந்த விளையாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பீட்வே... அது என்ன ரேஸ்?

முட்டை வடிவத்தில் ஒரு சின்ன ட்ராக். தார் கிடையாது. பொடித்த கல்லும் மண்ணும் கலந்த தளர்வான தரை. நாலு பேர் வரிசையாக நிற்பார்கள். முன்னால் கட்டியிருக்கும் டேப் மேலே எகிறியதும் கிளம்ப வேண்டும். இடதுபக்கமாகவே திரும்பி நாலு சுற்று. மொத்தமே சுமார் ஒரு நிமிஷம். முதலில் வந்தவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்குப் பூஜ்யம்.

ஒரு ரேஸில் ஒவ்வொரு டீமிலிருந்தும் ரெண்டு பேர். ஒரு மேட்ச் என்றால் இப்படி 15 ரேஸ். ஒரு ரேஸுக்கு 6 புள்ளி என்றால் மொத்தம் 90. அதில் 46 எடுத்தவர்கள் வென்றார்கள். கணக்கு அவ்வளவு எளிது. அதனால்தான் அங்கே தாத்தா, பாட்டி முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை கையில் ஸ்கோர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து ஒவ்வொரு ரேஸையும் தாங்களே குறித்துக்கொள்வார்கள்.

இனிமேல்தான் வயிற்றைக் கலக்கும் விஷயம். அந்த பைக்கில் பிரேக் கிடையாது. ஓடும்போது மாற்றுவதற்கு கியரும் கிடையாது. 500 சிசி, ஒரே சிலிண்டர். பெட்ரோல் இல்லை, மெத்தனாலில் ஓடும் எஞ்சின். குறைந்தபட்ச எடை 77 கிலோ மட்டுமே.

பிரேக் இல்லாமல் வளைவில் எப்படித் திரும்புவது? பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்க விடுவார்கள். வண்டி குறுக்கே சாயும். முன்சக்கரம் வலதுபக்கம் பார்க்க, வண்டி இடதுபக்கம் திரும்பும். இடது காலில் போட்டிருக்கும் இரும்புத் தகடு வைத்த ஷூ தரையில் தேய்ந்துகொண்டே போகும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வலது கையிலிருக்கும் ஆக்ஸிலரேட்டர் ஒன்றில்தான்.

ஏன் பிரேக் வைக்கவில்லை? காசை மிச்சம் பிடிக்க இல்லை. நாலு பேர் ஒருவர் வாலை ஒருவர் பிடித்து ஓடும்போது முன்னால் இருப்பவர் சட்டென்று பிரேக் அடித்தால், பின்னால் வருபவர் அப்படியே அவர் மேல் ஏறிவிடுவார். அதனால் இந்த ஆட்டத்தில் பிரேக் இல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. கேட்க விசித்திரமாக இருந்தாலும் நூறு வருஷமாக விதி இதுதான்.

மிருகக்காட்சி சாலைக்குள் ஒரு ரேஸ் ட்ராக்

1920-களில் ஆஸ்திரேலியாவில் பிரபலமான இந்த ஆட்டம் பிரிட்டனுக்கு வந்து பரபரப்பாகப் பேசப்பட்டது 1928 பிப்ரவரியில். லண்டனுக்கு அருகே ஹை பீச் என்ற இடத்தில் நடந்த ரேஸுக்கு, ஏற்பாட்டாளர்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு கூட்டம். அதற்கு முந்தைய வருஷமே மான்செஸ்டர் பக்கத்தில் ட்ராய்ல்ஸ்டனில் ஒரு ரேஸ் நடந்துவிட்டது, முதல் பெருமை எங்களுக்குத்தான் என்று வடக்கத்திக்காரர்கள் இன்றும் வாதாடுவார்கள். அந்தச் சண்டை ஓயாது.

மான்செஸ்டரின் பெல் வியூவில் ஸ்பீட்வே தொடங்கியது அதே 1928-ல். இடம், கிர்க்மன்ஷுல்ம் லேன் ரோட்டில் இருந்த நாய்ப் பந்தய மைதானம். பிரிட்டனில் நவீன முறை கிரேஹவுண்ட் ரேஸ் 1926-ல் முதன்முதலில் நடந்த அதே மைதானம். ஆனால் அங்கே இருந்தது கொஞ்ச காலம்தான். 1929-ல் பக்கத்திலேயே ஹைட் ரோடில் சொந்த ஸ்டேடியம் தயாராகிவிட்டது. அது இருந்தது பெல் வியூ மிருகக்காட்சி சாலை வளாகத்துக்குள்!

ஜான் ஜெனிசன் என்பவர் 1836-ல் திறந்த வளாகம் அது. மிருகங்கள், பூங்கா, நடனக்கூடம், வாணவேடிக்கை என்று மில் தொழிலாளர்களின் விடுமுறை நாள் முழுக்க அங்கேதான் கழியும். 1872-ல் எடின்பரோவில் ஏலத்தில் வாங்கிய 'மகாராஜா' என்ற ஆசிய யானை, ரயில் பெட்டியை உடைத்துவிட்டதால் பாகனோடு பத்து நாள் நடந்தே பெல் வியூ வந்து சேர்ந்த கதை அந்த ஊரில் பிரபலம். அதன் எலும்புக்கூடு இன்றும் மான்செஸ்டர் மியூசியத்தில் நிற்கிறது. அப்படிப்பட்ட ஒரு பொழுதுபோக்குச் சந்தையின் நடுவில் பைக் ரேஸும் வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

1930-கள் ஏசஸின் பொற்காலம். 1933 முதல் 1936 வரை தொடர்ந்து நாலு வருஷம் தேசிய லீக் பட்டம். 1939-ல் போர் வந்ததும் நாடு முழுக்க ட்ராக்குகள் மூடப்பட்டன. போர்க்காலம் முழுவதும் ரேஸ் நடந்த ஒரே இடம் பெல் வியூதான். பகலெல்லாம் தொழிற்சாலையில் ஆயுதம் செய்தவர்களுக்கு வாரம் ஒருநாள் கத்திக் கூச்சல் போட ஓர் இடம் தேவைப்பட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

பேலன்ஸ் மந்திரவாதி பீட்டர் கிரேவன்

ஏசஸ் ரசிகர்களிடம் ஒரே ஒரு பெயர் கேட்டால், பழைய ஆட்கள் சொல்வது பீட்டர் கிரேவன். லிவர்பூல்காரர். சின்ன உருவம். வண்டி மேல் அவர் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்து 'பேலன்ஸ் மந்திரவாதி' என்று பட்டம் கொடுத்தார்கள். 1955-ல், 21 வயதில் உலகச் சாம்பியன். 1962-ல் மறுபடியும். இந்தப் பட்டத்தை ரெண்டு முறை வென்ற முதல் இங்கிலாந்துக்காரர் அவர்.

1963 செப்டம்பர் 20. எடின்பரோ டீமுக்கு எதிராக அவர்கள் ஊரிலேயே ரேஸ். முன்னால் போன ஜார்ஜ் ஹன்ட்டர் கீழே விழுந்தார். விழுந்தவர் மேல் வண்டி ஏறிவிடக் கூடாது என்று கிரேவன் திருப்பினார். பிரேக் இல்லாத வண்டி. நேராகப் போய்த் தடுப்பு வேலியில் மோதியது. நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் உயிர் போனது. வயது 29.

ஹன்ட்டர் பிழைத்தார். அந்த சீசனின் லீக் பட்டத்தை ஏசஸ் வென்றது. அதைக் கொண்டாட டீமின் சாம்பியன் இல்லை. கிரேவன் பெயரில் நினைவுக் கோப்பை ரேஸ் பெல் வியூவில் பல தலைமுறையாக நடந்துவருகிறது. இந்த ரேஸ் கதையில் மறுபடியும் வரும்.

அடுத்து வந்தவர் நியூசிலாந்தின் ஐவன் மாகர். 1968-ல் நியூகாசில் டீமில் இருந்தபோது உலகச் சாம்பியன், ஏசஸுக்கு வந்த பிறகு 1969, 1970, 1972 என்று மேலும் மூன்று. மொத்தத்தில் ஆறு பட்டம் வென்றவர். அவர் இருந்த காலத்தில் 1970, 71, 72 என்று ஏசஸுக்கு லீக்கில் ஹாட்ரிக். பிறகு 1976-ல், போலந்தில் நடந்த ஃபைனலில் ஏசஸ் வீரர் பீட்டர் காலின்ஸ் உலகப் பட்டம் வென்றார். கிரேவனுக்குப் பிறகு ஓர் இங்கிலாந்துக்காரர் அதைத் தொட 14 வருஷம் ஆனது.

1987: வீடு போச்சு

மிருகக்காட்சி சாலை 1977-லேயே மூடப்பட்டது. டிவி வந்தாச்சு, கார் வந்தாச்சு, மில்கள் போயாச்சு. வளாகம் துண்டு துண்டாக விலை போனது. ஸ்டேடியம் மட்டும் தாக்குப்பிடித்தது. 1982-ல் இன்னொரு லீக் பட்டம்கூட வந்தது.

ஆனால் ஸ்டேடியத்தின் மண் டீமுடையது இல்லை. 1987-ல் அதன் உரிமையாளர் இடத்தை விற்றார். அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி கடைசி ஸ்பீட்வே. 58 வருஷத்துக் கூச்சல் அன்றோடு முடிந்தது. அந்த இடத்துக்கு வந்தது கார் ஏல மையம்.

இது பெல் வியூவுக்கு மட்டும் நடந்த கொடுமை இல்லை. பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் தீராத தலைவலியே இதுதான். பெரும்பாலான டீம்கள் வாடகைக் குடித்தனம். நாய்ப் பந்தயக்காரரோ, ரியல் எஸ்டேட் கம்பெனியோ, மைதானத்துக்குச் சொந்தக்காரர் யாரோ அவர் 'காலி பண்ணுங்க' என்றால் கிளம்ப வேண்டியதுதான். கோவென்ட்ரி டீமின் பிராண்டன் ஸ்டேடியத்தில் 2016-க்குப் பிறகு ரேஸ் இல்லை. பீட்டர்பரோவும் வுல்வர்ஹாம்ப்டனும் 2023 சீசனோடு ட்ராக்கை இழந்தன. கோவென்ட்ரி, வுல்வர்ஹாம்ப்டன் எல்லாம் சாதாரண டீம்கள் இல்லை. லீக் பட்டங்களை அள்ளியவர்கள். ஜெயித்தால் மட்டும் பிழைத்துவிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஏசஸுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. 1928-ல் தொடங்கிய அந்த நாய்ப் பந்தய மைதானம் பக்கத்திலேயே இருந்தது. 1988-ல் பழைய வாடகை வீட்டுக்கே திரும்பினார்கள். 1993-ல் லீக் பட்டமும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் ஜேசன் க்ரம்ப் ஏசஸில் இருந்த காலத்திலேயே 2004, 2006-ல் உலகச் சாம்பியன் ஆனார். ஆனாலும் ரசிகர்கள் மனசு ஆறவில்லை. சொந்த ஸ்டேடியம் வேண்டும் என்ற பேச்சு ஓயவே இல்லை.

80 லட்சம் பவுண்டு ஸ்டேடியம்... முதல் நாளே சறுக்கல்

கடைசியில் நகராட்சி கைகொடுத்தது. மான்செஸ்டர் சிட்டி கவுன்சிலின் விளையாட்டு வளாகத் திட்டத்தில் 'நேஷனல் ஸ்பீட்வே ஸ்டேடியம்' கட்டப்பட்டது. செலவு சுமார் 80 லட்சம் பவுண்டு. பிரிட்டனில் ஸ்பீட்வேக்கு என்றே இப்படி ஒரு ஸ்டேடியம் கட்டுவது அபூர்வத்திலும் அபூர்வம். இதற்காகப் பல வருஷம் முன்னின்றவர்களில் ஒருவர், 1970, 80-களில் ஏசஸுக்காகவே ஓட்டிய கிறிஸ் மார்ட்டன்.

திறப்பு விழா நாள் 2016 மார்ச் 19. தேர்ந்தெடுத்த ரேஸ்? ஆம், பீட்டர் கிரேவன் நினைவுக் கோப்பைதான். ஆயிரக்கணக்கில் கூட்டம். மூன்று தலைமுறை ஒன்றாக வந்த குடும்பங்கள்.

ஆனால் புது ட்ராக் தாங்கவில்லை. இதில் வண்டி ஓட்டுவது ஆபத்து என்ற நிலை வந்ததும் நிகழ்ச்சி கைவிடப்பட்டது. 28 வருஷம் காத்திருந்த கூட்டம் அப்படியே வீடு திரும்பியது. தரையைச் சரிசெய்யும் வரை அடுத்தடுத்த மேட்ச்களும் தள்ளிப்போயின. அந்தப் பண நெருக்கடி கிளப்பை உலுக்கியது. வருஷம் முடிவதற்குள் நிர்வாகமே கைமாறியது. ஸ்டேடியத்துக்காகப் பாடுபட்டவர்களே அதை நடத்தும் வாய்ப்பை இழந்தார்கள். இந்தக் கதையில் மனசை உறுத்தும் இடம் இதுதான்.

அதே சீசனில் டீம் ஃபைனல் வரை போனது என்பதுதான் வேடிக்கை. தோற்றது வுல்வர்ஹாம்ப்டனிடம். அதற்கு முந்தைய வருஷ ஃபைனலில் பூலிடம் தோல்வி. 2021 ஃபைனலில் பீட்டர்பரோவிடம் தோல்வி. 'இந்த டீம் ஃபைனல்ல தோக்கறதுக்குன்னே பிறந்தது' என்று ரசிகர்கள் நொந்துபோயிருந்தால் தப்பில்லை.

2022 அக்டோபரில் அதுவும் மாறியது. ஷெஃபீல்டை வீழ்த்தி 29 வருஷத்துக்குப் பிறகு லீக் பட்டம். 2024-ல் லெஸ்டரை வீழ்த்தி இன்னொன்று.

சொந்த இடம் இருந்தால் என்ன நடக்கும்?

முதலில், சின்னப் பசங்களுக்கு ஓட்டிப் பழக ட்ராக் கிடைக்கும். ஏசஸின் ஜூனியர் டீம் 'கோல்ட்ஸ்'. அதில் ஓட்டிப் பழகி மேலே வந்தவர் டான் பியூலி. 2021-ல் பல நாட்டு டீம்கள் மோதும் 'ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்' உலகப் போட்டியின் ஃபைனல் இதே மான்செஸ்டர் ஸ்டேடியத்தில் நடந்தது. ஜெயித்தது பிரிட்டன். 1989-க்குப் பிறகு அந்த நாட்டுக்கு டீம் உலகப் பட்டம் அதுதான் முதல்முறை. அதில் பியூலியும் இருந்தார். 2024-ல் அதே போட்டி, அதே ஸ்டேடியம், மறுபடியும் பிரிட்டன்.

இதற்காக பிரிட்டனில் ஸ்பீட்வே மறுபடி கொடிகட்டிப் பறக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பணமும் கூட்டமும் இன்று போலந்தில்தான். பிரிட்டிஷ் லீக்கில் ஓட்டும் பெரிய வீரர்களே வாரக்கடைசியில் போலந்து டீமுக்கு ஓட்டிவிட்டு, விமானம் ஏறித் திங்கட்கிழமை ரேஸுக்கு மான்செஸ்டர் வந்து இறங்குகிறார்கள்.

பழைய நாய்ப் பந்தய மைதானத்தின் கதை 2020-ல் முடிந்தது. கொரோனா லாக்டவுனோடு நின்ற பந்தயம் மறுபடி தொடங்கவில்லை. ஸ்பீட்வே அதற்கு நாலு வருஷம் முன்பே அங்கிருந்து வெளியேறியிருக்காவிட்டால், ஏசஸும் அன்றைக்கு மறுபடி தெருவில் நின்றிருக்கும்.

2025 ஜூனில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 2001 முதல் கார்டிஃபின் பிரம்மாண்ட ரக்பி ஸ்டேடியத்தில், லாரி லாரியாக மண் கொட்டி நடத்திவந்த பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீ அங்கிருந்து இடம் மாறியது. சில ஆயிரம் பேர் மட்டுமே உட்காரக்கூடிய பெல் வியூவில் ரெண்டு நாள் ரேஸாக நடத்தப்பட்டது. உலகச் சாம்பியன்ஷிப் வீரர்கள் அந்த ரெண்டு இரவும் ஓட்டியது, 2016-ல் தாங்காமல் போன அதே வளைவுகளில்.