இறைச்சிக்குப் பாவாகும் பயிர்

திருநின்றவூர் என்றவுடன் பூசலார் நாயனாரின் வரலாறு நினைவுக்கு வரும். கையில் பொருளில்லாத அவ்வடியார் மனத்திலேயே கல் சேர்த்து, மனத்திலேயே கோயில் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார் என்பது இவ்வூரார் வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி. மனத்தில் எழும் கோயிலுக்குச் சாரம் வேண்டுவதில்லை. மண்ணில் எழும் சுவருக்கோ கொத்தனார் சாரம் கட்டியே தீரவேண்டும். உணவுத் துறையில் இன்று நடைபெற்றுவரும் ஒரு புதிய முயற்சியும் இத்தகைய சாரம் ஒன்றையே நம்பி நிற்கிறது. அதனைச் செய்வதற்கு உழவர் விளைவிக்கும் இலையும் பருப்பும் பயன்படுகின்றன. ஆதலின் நம் சங்கத்தைச் சேர்ந்த நெசவாளரும் பயிரிடுவோரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

ஆட்டையோ மாட்டையோ கொல்லாமல், அதன் தசையில் சிறு துணுக்கை மட்டும் எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களைப் பிரித்து வளர்க்க முடியும். சர்க்கரை, உப்புகள், வைட்டமின்கள், புரதத்தின் கூறுகள் ஆகியவை கலந்த ஊட்டநீரில், உடலின் வெப்பநிலையில் வைத்தால் அவை ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பெருகும். நெதர்லாந்து நாட்டு மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் போஸ்ட், இவ்வாறு வளர்த்த மாட்டிறைச்சியை 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இலண்டனில் சமைக்கச் செய்து பலர் முன்னிலையில் சுவைக்கக் கொடுத்தார். அந்த ஒரே வடைக்கு ஆன செலவு ஏறத்தாழ 2,50,000 யூரோ.

ஆயினும் அது கொத்திய இறைச்சியைத் தட்டிச் செய்த வடையே ஆகும். முழுத் துண்டு அன்று. இதற்குக் காரணம் யாது? தசையணுக்கள் பற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். பற்றிய பின்னரே அவை நீண்டு இழையாக மாறும். அன்றியும், உடலினுள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒவ்வோர் அணுவுக்கும் அருகில் உணவையும் உயிர்வாயுவையும் கொண்டு சேர்க்கின்றன. அவை எட்டாத இடத்தில், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனம் மிகுந்தாலே, உள்ளிருக்கும் அணுக்கள் வாடத் தொடங்கும். எனவே பிடித்து நிற்க இடமும், ஊட்டநீர் ஊடுருவ வழியும் தருகின்ற ஒரு சாரம் தேவையாயிற்று.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கட்டடம் முடிந்ததும் கொத்தனார் சாரத்தைப் பிரித்துவிடுவார். இறைச்சியின் உள்ளே பின்னிக் கிடக்கும் சாரத்தைப் பிரிக்க இயலாது; அதுவும் உண்ணத்தக்கதாக இருத்தல் வேண்டும். ஆகவே இது கட்டடச் சாரத்தைவிடத் தறியிலுள்ள பாவுக்கே அதிகம் ஒப்பாகும். பாவில் ஊடை பாய்ந்து துணியாகிறது. துணியை அறுத்த பின்னும் பாவு துணியிலேயே நிற்கிறது. அணுக்களை ஊடை என்றால், தாவரச் சாரமே பாவு.

இப்பாவைச் செய்ய இருவகை வழிகள் முக்கியமானவை. முதலாவது இலை வழி. ஓர் இலையைச் சலவைப் பொருள் கலந்த நீரால் பலமுறை கழுவினால், பச்சையம் முதலிய யாவும் நீங்கி, கண்ணாடி போன்ற நரம்புக் கூடு மட்டும் எஞ்சும். அக்கூடு செல்லுலோஸ் என்னும் பொருளாலானது. நம் பருத்திப் பஞ்சும் பெரும்பாலும் செல்லுலோஸே. கோராத் துணியை வெளுப்பதை அறிந்தவர்களுக்கு இம்முறை விளங்காமற் போகாது. கனடாவின் ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தார் 2014-இல் ஆப்பிள் பழத் துண்டை இவ்வாறு கழுவி அதில் பாலூட்டிகளின் அணுக்களை வளர்த்தனர். அமெரிக்காவில் வூஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனத்தார் 2017-இல் கீரை இலையின் கூட்டில் மனித இதயத் தசையணுக்களை இட்டனர். அவை அந்த இலையின் மேல் மூன்று வாரம் வரை துடித்தன. இதயாலீசுவரர் குடிகொண்ட ஊரில் வாழும் நமக்கு இச்செய்தி தனி வியப்பை அளிக்கும். பழுதுற்ற இதயத்தைச் சீர்செய்யும் நோக்குடன் தொடங்கிய இவ்வாராய்ச்சியை, கிளென் கோடெட் என்பவரும் அவருடைய குழுவினரும் பாஸ்டன் கல்லூரியில் தொடர்ந்து, 2021-இல் கீரைக் கூட்டில் மாட்டுத் தசையணுக்களை வளர்த்துக் காட்டினர்.

இரண்டாவது புரத வழி. இதன் வரலாறு நெசவாளருக்கு உரியது. ஹென்றி போர்டின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய இராபர்ட் பாயர், சோயாப் புரதத்தை நூலாக இழுத்துத் துணிக்குப் பயன்படுத்த முயன்றவர். அதே நூலை உணவாக்கினால் என்ன என்று எண்ணி, தசை போன்ற இழைகளைக் கொண்ட உணவுக்கு 1954-இல் காப்புரிமை பெற்றார். துணிக்கென இழுத்த நூலே இறைச்சியைப் போன்ற உணவுக்கு வழிகாட்டிற்று. பிற்காலத்தில் சோயா மாவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிதுக்கிப் பஞ்சு போன்ற துண்டுகளாக்கும் முறை பரவியது. மளிகைக் கடையில் மீல் மேக்கர் என்று நாம் வாங்குவது அதுவே. இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தார் 2020-இல் இவ்வகைச் சோயாத் துண்டின் துளைகளில் மாட்டுத் தசையணுக்களை வளர்த்தனர். சமைத்துச் சுவைத்தோர் இறைச்சியின் சுவை இருந்ததாகக் கூறினர். செல்லுலோஸ் நமக்குச் செரிப்பதில்லை, நார்ச்சத்தாகக் கழிந்துவிடும். சோயாச் சாரமோ தானே புரத உணவாகவும் அமைகிறது.

விற்பனையில் இது எந்நிலையில் உள்ளது? உலகில் முதன்முதலாகச் சிங்கப்பூர் அரசு 2020 டிசம்பரில் வளர்த்தெடுத்த கோழியிறைச்சிக்கு அனுமதி வழங்கியது. 2024-இல் அங்கு கடையில் விற்பனைக்கு வந்த பொட்டலம் 120 கிராம் எடையுடையது, விலை 7.20 வெள்ளி. அதில் கோழியின் அணுக்கள் 3 சதவீதமே. எஞ்சியதில் பெரும்பங்கு தாவரப் புரதம். இத்தாலி நாடோ 2023-இல் இத்தகைய உணவின் விற்பனையைச் சட்டத்தால் தடுத்தது. நம் நாட்டில் ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு மத்திய அரசு 2019-இல் இவ்வாராய்ச்சிக்கு நிதி அளித்தது. கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 2024-இல் தில்லி நிறுவனம் ஒன்றுடன் உடன்பாடு செய்து மீன் இறைச்சியை வளர்க்கும் பணியில் இறங்கிற்று.

குறைகளையும் மறைத்தலாகாது. ஊட்டநீரின் விலை மிகுதி. கழுவப் பயன்பட்ட சலவைப் பொருள் இலையில் சிறிதும் தங்கிவிடாமல் பார்க்க வேண்டும். சோயா ஒவ்வாதவர்கள் இருப்பதால், சாரம் எதனாலானது என்பதைப் பொட்டலத்தின் மேல் தெளிவாக அச்சிட வேண்டும். இம்முயற்சி பெருகினால் ஆடும் கோழியும் வளர்த்துப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களின் கதி என்னவாகும் என்பதையும் எண்ணாதிருக்க முடியாது.

எனினும் மேலே கூறிய 3 சதவீதக் கணக்கை நம் உறுப்பினர்கள் மறக்கலாகாது. இறைச்சி என்னும் பெயர் அணுவுக்குக் கிடைத்தாலும், எடையில் பெரும்பங்கு பயிருடையது. சோயா நம் பக்கத்துப் பயிரன்று. ஆனால் வேர்க்கடலை நம் மாவட்டத்து மண்ணில் விளைவது. அதன் புரதமும் இளக்காரமானதன்று. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எண்ணெய் எடுத்த வேர்க்கடலை மாவு 75 பங்கும் கடலை மாவு 25 பங்கும் சேர்த்துப் பல்நோக்கு உணவு என்ற சத்துணவை முன்பே உருவாக்கிக் காட்டியது. வேர்க்கடலையை எண்ணெய் வித்தாக மட்டுமே விற்றுப் பிண்ணாக்கை மாட்டுக்கு இடுவோர், அதன் புரதத்துக்கும் ஒரு நாள் விலை கேட்கக் கூடும்.

அந்த விலையைக் குறிப்பவர் யார் என்பதே வினா. நூலை வணிகரிடம் பெற்றுக் கூலிக்கு நெய்தபோது, துணியின் இலாபம் நெய்தவர் கைக்கு வரவில்லை. சங்கமாகச் சேர்ந்து நூல் வாங்கித் துணி விற்ற பின்னரே நிலைமை மாறிற்று. இப்புதிய தொழிலிலும் தனித்தனியே மூட்டை விற்போர் மூட்டையின் விலையோடு நிற்பர். ஒன்றுசேர்ந்து தரம் பிரித்து, எண்ணெய் எடுத்து, மாவாக்கி விற்போரே பாவுக்கு உரியவராவர். தொழில் வருவதற்கு முன்னரே இதனை எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும்.