ஆரம்ப சூரத்தனம்

சர்வருக்கென்று புதிதாக ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கி, பொருத்திய கையோடு ஒரு நிமிஷம் வேகத்தைச் சோதித்துப் பார்த்து, கம்பெனியின் விவரப் பத்திரத்தில் கண்ட எண்ணே திரையிலும் தோன்றக் கண்டு பூரித்துப்போகிறவர்கள், அந்தச் சாதனத்தின் கல்யாணக் கோலத்தைத்தான் கண்டார்களே ஒழிய, வருஷக்கணக்காக அதனோடு நடத்தவேண்டிய குடித்தனத்தைக் காணவில்லை.

அந்த ஆரம்ப வேகம் நிலைக்காததற்குக் காரணம் எஸ்.எஸ்.டி.யின் ஸ்வபாவத்திலேயே இருக்கிறது. நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்கில், வேண்டிய இடம் சுழன்று வந்துசேரச் சராசரி 4 மில்லி வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அது புதிதானாலும் பழையதானாலும் அந்தத் தாமதம் மாறுவதில்லை. தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் மெமரியிலோ சுழல்வது எதுவுமில்லை. ஆனால் ஒரு விசித்திர நியமம் உண்டு. எழுதுவது சில ஆயிரம் பைட்டுகள் கொண்ட ‘பேஜ்’ அளவில். அழிப்பதோ நூற்றுக்கணக்கான பேஜ்கள் அடங்கிய ‘பிளாக்’ அளவில். அழிக்காத பேஜில் மறுபடி எழுத வழியில்லை. ஆகவே ஒன்றைத் திருத்தினால் புதிய பிரதி வேறொரு பேஜில் போய் உட்கார, பழையது செல்லாததாகிக் கிடக்கிறது. காலி பிளாக்குகள் அருகிவரும் சமயத்தில், உள்ளேயுள்ள கன்ட்ரோலர், ஒரு பிளாக்கில் இன்னும் செல்லுபடியாகும் பேஜ்களை வேறிடம் மாற்றிவிட்டு, அதன் பிறகே அதை அழித்து இடம் பண்ணுகிறது. சர்வர் எழுதச் சொன்னதைப்போல் சில மடங்கு உள்ளே எழுதப்படும் நிலை இப்படித்தான் நேருகிறது. போதாக்குறைக்கு, மலிவான டிரைவ்களில் பல, மூன்று நான்கு பிட்டுகள் கொள்ளும் செல்லில் முதலில் ஒரே பிட்டை மட்டும் எழுதி வேகம் காட்டிவிட்டு, அந்த இடம் நிரம்பியதும் தளர்ந்துவிடும்.

எனவே முறையான பரீட்சை, டிரைவைக் களைப்படையச் செய்துதான் தொடங்குகிறது. ஸ்னியா என்னும் தொழில்துறைச் சங்கம் வகுத்த விதிப்படி, முதலில் மொத்தக் கொள்ளளவைப்போல் இரு மடங்கு எழுதி நிரப்பவேண்டும். பிறகு ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப நடத்தி, அடுத்தடுத்த ஐந்து சுற்றுகளின் ஏற்றத்தாழ்வு சராசரியில் 20 சதவீதத்துக்குள் அடங்கி, எண்களின் போக்கும் சமனான பின்னரே கணக்கில் கொள்ளவேண்டும். லினக்ஸில் இதற்கு வழக்கமான கருவி ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ‘ஃபியோ’. அதில் ‘டைரக்ட்’ என்பதை 1 என்று வைக்க மறந்தவர் ராமின் வேகத்தை அளந்துவிட்டு டிரைவை மெச்சிக்கொண்டிருப்பார். முடிவில் அது அச்சிடும் சராசரியைவிட, அதன் கீழே 99.9 சதவீதம் என்ற இடத்தில் நிற்கும் தாமதமே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது: வினாடிக்கு 10,000 கோரிக்கைகள் வரும் சர்வரில், ஒவ்வொரு வினாடியும் பத்துக் கோரிக்கைகள் அந்த அளவையும் தாண்டிக் காத்திருக்கின்றன.

டேட்டாபேஸ் ஓடும் சர்வரானால் இன்னொரு பரீட்சையும் அவசியம். ஒரே நேரத்தில் ஒரே கோரிக்கை, ஒவ்வொரு முறை எழுதிய பின்னும் தரவு பத்திரமாகிவிட்டதென்று உறுதி கேட்கும் ‘எஃப்சின்க்’ என்று வைத்து ஓட்டிப் பார்க்கவேண்டும். மின்சாரம் போனாலும் எழுதி முடிக்கும் அளவுக்குக் கெப்பாசிட்டர்கள் உள்ள டிரைவ், தரவு தன் ராமுக்கு வந்த மாத்திரத்திலேயே ‘பத்திரம்’ என்று பதில் சொல்லிவிடலாம். அவை இல்லாதது ஃபிளாஷ் வரை போய்த் திரும்பவேண்டும். விளம்பரத்தில் லட்சக்கணக்கில் பேசிய டிரைவ் இங்கே ஹீனஸ்வரத்தில் முனகுவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம்.

வேகத்தைக் காக்கும் உபாயங்கள் அவ்வளவு கம்பீரமானவை அல்ல. அழித்த கோப்புகளின் இடத்தை டிரைவுக்குத் தெரிவிக்கும் ‘ட்ரிம்’ வாரம் ஒருமுறை நடக்கிறதா, நடுவிலுள்ள ரெய்டு கார்டு அதை மறித்துவிடுகிறதா என்று பார்ப்பது முதற்காரியம். புதிய டிரைவில் ஒரு பகுதியைப் பார்ட்டிஷன் செய்யாமலே விட்டுவைத்தால், கன்ட்ரோலருக்குப் புழங்க இடம் கிடைத்து, உள்ளெழுத்தின் பெருக்கம் குறையும். கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலரை மாற்றுவதுபோன்ற நுட்பங்களின் பலன், இந்த இரண்டுக்கும் முன்னே சொற்பமே. ஒன்று மட்டும்: ஃபியோவுக்கு டிரைவின் பெயரையே நேராகக் கொடுத்து எழுதும் சோதனையை ஏவினால், அதிலுள்ள தரவு அவ்வளவும் போய்விடும், ஆகையால் என்டர் விசையைத் தட்டுமுன் அந்தப் பெயரை இன்னொரு தரம் வாசிப்பது உத்தமம்.