மீண்டு வந்தவர்கள் – 7: நேசரி வாசல்

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து யாழ்ப்பாணம் திரும்பிய குடும்பங்களின் கடதாசிப் பாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். தாயும் தகப்பனும் இலங்கையர் என்றால், 1987 ஜூலைக்குப் பிறகு முகாமில் பிறந்த பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை கிடையாது. இலங்கைக் குடியுரிமையும் தானாக வராது. சென்னையில் உள்ள துணைத் தூதரகத்திலோ கொழும்பிலோ பிறப்பைப் பதிந்தால்தான் உண்டு. அந்தக் கடதாசி கைக்கு வந்த பிறகும் தீராத ஒரு பாடு இருக்கிறது. பிள்ளையை நேசரியில் சேர்க்கிற நாளில்தான் அது தாய்க்கு உறைக்கும்.

1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து தாயின் இடுப்பில் இருந்தபடி படகேறியவர்கள் இன்று தாய்மார். முகாமில் வளர்ந்து, முகாமிலேயே கல்யாணம் முடித்தவர்கள். அங்கே கணக்கெடுப்புக்கு வரிசையில் நின்றார்கள். வெளியே போய் வர அனுமதி கேட்டார்கள். ஆனாலும் முகாமுக்குள் அவர்களைத் தெரியாத ஆள் இல்லை. இங்கே அவர்கள் குடிமக்கள். தெரு மட்டும் அவர்களை அறியாது. நேசரி வாசலில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கிற தாய் கேட்பார்: “நீங்கள் எவடம்?” அடுத்தது, “ஆற்றை மகள்?”

பெரும்பாலும் அதில் வஞ்சகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் பழக்கம் தொடங்குவதே அப்படித்தான். சில வேளைகளில் சாதி அறியும் கேள்வியாகவும் அது இருக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. எப்படியென்றாலும், கேட்கப்பட்டவரிடம் மறுமொழி இல்லை. மயிலிட்டி என்று சொல்லலாம். அது அவருடைய அம்மா சொல்லித் தந்த ஊர். மயிலிட்டித் துறைமுகமே 27 வருடங்களுக்குப் பிறகு, 2017 ஜூலையில்தான் விடுபட்டது. இவர் இருப்பதோ மல்லாகத்தில், வாடகை வீட்டில்.

எங்கள் ஊர் நேசரிகளில் பல அரசாங்கம் கட்டி நடத்துபவை அல்ல. சனசமூக நிலையம், மாதர் சங்கம், கோயில், தேவாலயம் என்று ஊர் தன் கையால் நடத்துகிறவை. சத்துணவுக்கு அவித்த பயறோ கஞ்சியோ பெற்றோர் முறை வைத்துக் கொண்டு வருவார்கள். விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் வளவு துப்புரவாக்கச் சிரமதானம் நடக்கும். தமிழ்நாட்டு அங்கன்வாடியில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போன தாய்க்கு இது புதிது. அங்கே முட்டையும் சத்துமாவும் அரசாங்கம் கொடுத்தது. தாயிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இங்கே கேட்கிறார்கள். கேட்பது நல்லது என்பதே என் எண்ணம். ‘வியாழக்கிழமை உங்கள் முறை’ என்று ரீச்சர் சொல்கிற நாளில்தான் அந்தத் தாய் ஊருக்குள் கணக்கில் வருகிறார். பாவம், புதிதாய் வந்தவர் என்று இரக்கப்பட்டு அவரை முறையில் இருந்து விட்டுவிடுகிற இடங்களில் அவர் வாசலோடு நின்றுவிடுகிறார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு வளவு வேண்டியிருக்கிறது. சிறுவர் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் காய்த்ததைக் கொண்டுவந்து விற்க வேண்டும்: முருங்கைக்காய், தேசிக்காய், வாழைப்பூ, ஒரு கட்டுக் கீரை. ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல்நாள் பின்னேரம் அம்மம்மா வளவில் பிடுங்கித் தருவார். வாடகை வீட்டுப் பிள்ளைக்கு மரமும் இல்லை, அம்மம்மா இன்னும் கடலுக்கு அந்தப் பக்கம். தாய் சந்தையில் காசு கொடுத்து வாங்கிய கத்தரிக்காயை மகன் அதைவிடக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு வருவான். பிள்ளைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஒரு மாதத்துக்குள் அவன் இந்த ஊர்ப் பிள்ளை மாதிரியே கதைக்கவும் தொடங்கிவிடுவான். தாய்க்குத்தான் அன்றைக்கு நித்திரை வராது.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் நாலு முருங்கைக்காய் நீட்டினால் இந்தச் சங்கடம் தீரும். பெற்றோர் கூட்டத்தில் நிர்வாகத்துக்கு ஆள் தெரிவு செய்யும்போது அந்தத் தாயின் பெயரையும் ஒருவர் முன்மொழியலாம். அதற்குச் சுற்றறிக்கை வேண்டியதில்லை.

முதலாம் வகுப்புக்கு அப்படியல்ல. அரச பாடசாலை அனுமதியில் வாக்காளர் இடாப்பையும் வீட்டு உறுதியையும் பார்க்கிறார்கள். இடாப்பில் பெயர் ஏறிச் சில வருடங்கள்கூட ஆகாத, சொந்தக் காணி இராணுவத்தின் வேலிக்குள் கிடக்கிற தகப்பன் எதைக் காட்டுவார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)